சின்னப்பொண்ணின் குடும்பப் பெயர்

இருபத்திரண்டு பெண்கள் ஒரே காலையில் மாடிப்படி ஏறி வந்தார்கள். திருக்கழுக்குன்றத்துக்கு அடுத்த கிராமம் ஒன்றின் மகளிர் குழு. எல்லோருக்கும் ஒரே கிளிப்பச்சைப் புடவை. செங்கல்பட்டில் அந்த டிராவல்ஸ் ஆபீஸில் இருந்தது மொத்தம் ஐந்து நாற்காலி. மற்றவர்கள் படியிலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

சென்னையிலிருந்து கப்பல். நடுவில் ஒரு பகல் திருகோணமலை. பிறகு திரும்பி வருவது. டிக்கெட்டைக் குழுத் தலைவி முன்பே போட்டுவிட்டாள். விசா வேலை மட்டும் பாக்கி. அது பரணிதரன் மேசைக்கு வந்தது.

பரணிக்கு முப்பத்து மூன்று வயது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். பி.எஸ்சி. இயற்பியல். மனைவி சுஷ்மிதா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று சேர்த்தார்கள், ஆறாம் நாள் போய்விட்டாள். அப்போது அவன் அழவில்லை. அதன்பிறகு அதிகம் பேசவும் இல்லை. காலையில் வருவான், படிவம் நிரப்புவான், மாலையில் போவான். படிவம் கேட்கிற கேள்விக்கு மேல் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டான்.

“டிக்கெட்டுதான் வாங்கியாச்சே. அப்புறம் இன்னாத்துக்கு இன்னொரு பாரம்?” என்றாள் முதல் நாற்காலியில் இருந்தவள்.

“கப்பல்ல உக்காந்திருக்கிற வரைக்கும் டிக்கெட் போதும்மா. திருகோணமலையில எறங்கணும்னா அந்த நாட்டு அனுமதி வேணும்.”

“காலீல எறங்கி சாயங்காலம் ஏறிடப் போறோம்.”

“அஞ்சு நிமிஷம் எறங்கினாலும் வேணும்.”

“ஒத்தக் கால மட்டும் வெச்சா?”

படி முழுக்கச் சிரித்தது. பரணி சிரிக்கவில்லை. “ஒத்தக் காலுக்கும் வேணும்,” என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஒற்றைக் கால் கேட்டவள் பெயர் சின்னப்பொண்ணு. அறுபத்தொரு வயது. மற்ற இருபத்தொரு பேரும் கப்பலுக்காகப் போகிறார்கள். கப்பலில் நீச்சல்குளம் இருக்கிறதாம், வேளைக்கு வேளை சாப்பாடாம். சின்னப்பொண்ணு மட்டும் கரைக்காகப் போகிறாள். கரையில் சரோஜா இருக்கிறாள்.

சரோஜா திருகோணமலைக்காரி. சண்டைக்குத் தப்பி வந்தவள், சின்னப்பொண்ணு வீட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தாள். ஒரே குழாய், ஒரே கிரைண்டர். இவள் பிள்ளைக்கு அவள் பால் கொடுத்திருக்கிறாள். அவள் மகள் சடங்குக்கு இவள் புருஷன் தாய்மாமனாக நின்று தட்டு வைத்திருக்கிறார். சண்டை முடிந்து ஊர் திரும்பியவளைப் பஸ் ஏற்றிவிட்டதோடு சரி, பதிமூன்று வருஷமாகப் பார்க்கவில்லை.

“போன்ல பேசிகினுதான் கீறோம்,” என்றாள் சின்னப்பொண்ணு, அவன் கேட்காமலேயே. “ஆனா அது பேசினாப்பல இல்ல நைனா. மூஞ்சியத் தொட்டுப் பாக்கணும்.”

அவளுடைய பாஸ்போர்ட் நகலில்தான் சிக்கல். ஜெராக்ஸில் மை அப்பி, குடும்பப் பெயர் இருக்கும் வரி கறுப்பாகியிருந்தது. கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. அசல், பத்திரமாக வீட்டு பீரோவில்.

“சர்நேம் என்னம்மா?”

“அப்டின்னா?”

“பேருக்கு அப்புறம் வர்ற பேரு. வீட்டுக்காரர் பேரா இருக்கும்.”

“ஆமா, அவரு பேருதான்.”

“என்ன பேரு?”

சின்னப்பொண்ணு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி முழங்கையால் இடித்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அவர் மூத்தார் முறை. அவளும் சொல்லக்கூடாது.

“சீத புருசன் கீறாரே, அவரு பேரு.”

“ராமனா?”

“வெறும்னே இல்ல. பட்டம் கட்டிக்கினதுக்கு அப்புறம்.”

பரணி ஒரு விநாடி யோசித்தான். பட்டம் கட்டிய ராமன். பட்டாபிராமன். தட்டினான்.

வழக்கமாகத் தட்டியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவான். அன்றைக்குப் படிக்கவில்லை. படியில் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். ஒன்றை இரண்டாம் முறை கேட்கிற பழக்கமும் அவனை விட்டுப் போயிருந்தது.

மூன்றாம் நாள் இருபத்திரண்டு அனுமதியும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன.

கப்பல் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, குழுத் தலைவி அசல் பாஸ்போர்ட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை ஸ்ரீதேவியுடையது. பரணிக்கு எதிர் மேசை. அவனைவிடப் பத்து வயது மூத்தவள்.

“பரணி, இந்தப் பட்டாபிராமன் யாருப்பா?”

“சின்னப்பொண்ணம்மா வீட்டுக்காரர்.”

“பாஸ்போர்ட்ல ராஜாராம்னு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச பட்டாபிராம் ஆவடிக்கு அந்தாண்ட ஒரு ரயில்வே ஸ்டேஷன்தான்.”

பரணி எழுந்து வந்து பார்த்தான். ராஜா. ராம். அந்தம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

“ஒரு எழுத்து மாறினாலே எறக்க மாட்டாங்க. நீ புருஷனையே மாத்தி வெச்சிருக்க,” என்றாள் ஸ்ரீதேவி. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தினாள். “குடி. புதுசாப் போட்டுப் பாக்கலாம்.”

சரியான பெயரில் புதிதாக விண்ணப்பம் போட்டான். சாயங்காலமே இலங்கையிலிருந்து பதில் வந்தது. இதே பாஸ்போர்ட் எண்ணுக்கு வேறு பெயரில் ஏற்கனவே அனுமதி இருக்கிறது. விண்ணப்பதாரரிடமே தொலைபேசியில் விசாரிப்போம். நாளைக் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். கொடுத்திருந்த எண் பரணியுடையது.

மறுநாள் காலை அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனான். சின்னப்பொண்ணு வாசலில் வேர்க்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். உட்காரச் சொன்னாள். அவன் நின்றபடியே நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். தப்பு என்னுடையது என்பது முதல் வாக்கியம்.

“பட்டாபிராமனா?” அவள் கடலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கே தெரியாம எனக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெச்சிட்டியே நைனா. ஆளு எப்டி? கறுப்பா, செவப்பா?”

“அம்மா, இது சரியாகலன்னா உங்கள எறக்க மாட்டாங்க.”

சிரிப்பு நின்றது. “சரோஜாவப் பாக்க முடியாதா?”

“கப்பல்ல இருந்துதான் பாக்கலாம். இன்னிக்கி போன் வரும். கேக்குறதுக்கு நீங்க பதில் சொன்னா சரியாயிடும்.”

“இன்னா கேப்பாங்க?”

“உங்க பேரு. சர்நேம்.”

அவள் கடலையைக் கிளற ஆரம்பித்தாள். “நீ சொல்லிடு.”

“நான் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க.”

“அவரையே கூப்டுட்டா? பின்னால வண்டி கழுவிகினு கீறாரு.”

“நீங்கதாம்மா சொல்லணும்.”

பத்தே முக்காலுக்கு போன் வந்தது. பரணி ஸ்பீக்கரில் போட்டான். இலங்கைத் தமிழில் ஒரு பெண் குரல்.

“வணக்கம் அம்மா. உங்கட பெயர்?”

“சின்னப்பொண்ணுங்க.”

பிறந்த தேதி கேட்டாள். சொன்னாள். ஊர் கேட்டாள். சொன்னாள்.

“குடும்பப் பெயர்?”

சின்னப்பொண்ணு போனைப் பார்த்தாள். போனில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மேடம், அவங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க,” என்றான் பரணி.

“விளங்குது. எங்கட மாமியும் அப்படித்தான். ஆனா முதல் விண்ணப்பத்தில ஒரு பெயர், இதில ஒரு பெயர். அவவே சொன்னால்தான் நான் எழுதலாம்.”

சின்னப்பொண்ணு போனைக் கையால் மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள். மூடிய கைக்குள் போன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“சொன்னா அவரு ஆயுசு கொறஞ்சிடும் நைனா. நாப்பத்தோரு வருசமா காப்பாத்திகினு வரேன். சரோஜாவுக்காவ அவர விட்டுக் குடுக்க முடியுமா?”

பரணி யோசித்துப் பேசவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“என் பொண்டாட்டி என் பேரை ஒரு நாளைக்கு நூறு வாட்டி சொல்லுவாம்மா. பரணி, பரணின்னு தெருவுக்கே கேக்கும். சோப்பு எங்கன்னு கேக்கறதுக்குக்கூட பேரச் சொல்லித்தான் கேப்பா.”

“உனக்கு ஒண்ணும் ஆவலியா?”

“எனக்கு ஒண்ணும் ஆகல. அவதான் போயிட்டா. போன வருஷம்.”

இதை அவன் தானாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபிறகு வாசல் அப்படியேதான் இருந்தது. கடலை வெயிலில் கிடந்தது. பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னப்பொண்ணு அவனையே பார்த்தாள். ஐயோ என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி விரலை மடக்கினாள்.

“அப்ப பேரச் சொன்னா ஆயுசு கொறையல,” என்றாள். “கூடுது. நூறு வருசத்துக்கு உன் பேரச் சொல்லி வெச்சிட்டுப் போயிக்கீது அந்தப் பொண்ணு.”

பரணியின் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அவனுக்குத் தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று. கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“அம்மா, லைனில நிக்கிறீங்களோ?” போனிலிருந்து வந்த குரலும் கொஞ்சம் கரகரத்திருந்தது.

“நிக்கிறேம்மா.” சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ராசாராமு.”

“கேக்கேல்லை.”

“ராசாராமு.”

“ராஜாவோ, ராசாவோ? பாஸ்போர்ட்டில உள்ள மாதிரிச் சொல்லுங்கோ. கொஞ்சம் சத்தமா.”

சின்னப்பொண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பத்தோரு வருஷம் அடக்கியதைக் காதில் விழவில்லை என்றால் யாருக்குத்தான் வராது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

“ராஜாராம். ராஜா. ராம். ராஜாராம். போதுமா?”

தெருவில் போன ஒரு சைக்கிள் நின்றது. பின்பக்கத்திலிருந்து ஒரு மனிதர் ஓடி வந்தார். மடித்துக் கட்டிய கைலி, நரைத்த மீசை, கையில் ஹோஸ். குட்டியானை லோடு வண்டியைக் கழுவிய தண்ணீர் அதிலிருந்து இன்னும் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பரணி போனைத் தூக்கிப் பிடித்தான். பேன்ட் நனைந்தது, கடலை நனைந்தது, சைக்கிள்காரரும் நனைந்தார்.

“இன்னா ஆச்சி? யாரு கூப்ட்டது?”

“யாரும் கூப்டல. விசாவுக்கு,” என்றாள் சின்னப்பொண்ணு.

“நீயா?”

“விசாவுக்குன்னு சொல்றேன்ல.”

போனில் அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். “ஆள் இருக்கிறார் போல. சரி அம்மா, நான் எழுதிட்டன். முடிவை அனுப்புவம்.”

“எப்ப மேடம்? கப்பல் மூணு நாள்ல கெளம்புது,” என்றான் பரணி.

“அது என்ர கையில இல்ல, தம்பி.” வைத்துவிட்டாள்.

ராஜாராம் ஹோஸைக் கீழே போடவில்லை. அடிவாங்கிய மாதிரியும் இருந்தார், லாட்டரி விழுந்த மாதிரியும் இருந்தார்.

“இன்னொரு தபா சொல்லேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். சரியா காதுல வுழல.”

“தெருவே கேட்டுச்சி, உனக்கு வுழலியா? போய் மோட்டார நிறுத்து.”

நிறுத்தப் போனவர், திரும்பி வந்து பரணியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மறுபடியும் போனார்.

கிளம்புகிற நாள்வரை அனுமதி வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். ஏறலாம், திருகோணமலையில் இறங்க முடியாமல் போனால் கம்பெனி பொறுப்பல்ல. பரணி அதை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்துக் காட்டினான். இரண்டு முறை. சின்னப்பொண்ணு கையெழுத்துப் போட்டாள்.

“ஏறினாத்தான எறங்க முடியும்,” என்றாள்.

ராஜாராம் போகவில்லை. அது மகளிர் குழு. தவிர அவருக்கு முட்டுக்காட்டில் படகு ஏறினாலே தலை சுற்றும். அன்று மாலை நாலரைக்குப் பரணிக்கு போன் செய்தார்.

“தம்பி, கோவளத்துக்கு வா. கப்பல் இப்டிதான் போவும்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் பரணி வாயெடுத்தான். ஒரு மணி நேரத்தில் கோவளம் கடற்கரையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. தூரத்தில், வானமும் கடலும் சேருகிற இடத்தில், வெள்ளையாக ஒன்று நகர்ந்தது. ராஜாராம் தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார்.

படகோரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் துரை நிமிர்ந்து பார்த்தார். “யாருக்கு அண்ணாத்த காட்றே?”

“என் வூட்டுக்காரி அதுல போறா.”

“அது சரக்குக் கப்பல்பா. துறைமுகத்துக்கு உள்ள போவுது. மூஞ்சி வடக்க கீது பாரு.”

ராஜாராம் துண்டை இறக்கினார். ஒரு நிமிஷம் பார்த்தார். மறுபடி சுழற்ற ஆரம்பித்தார். “பரவால்ல. அவனுக்கும் யாராச்சும் காட்டணும்ல.”

பரணியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். மின்னஞ்சல். கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது. சின்னப்பொண்ணு ராஜாராம். அனுமதிக்கப்பட்டது.

“வந்துடுச்சி,” என்றான். அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். “வந்துடுச்சிங்க.”

“இன்னாது?”

“உங்க பேரு.”

ராஜாராம் துண்டோடு அவனைக் கட்டிப்பிடித்தார். மணலில் இரண்டு பேரும் சாயப் பார்த்தார்கள். துரை வலையை வைத்துவிட்டு வந்து, விஷயம் என்ன என்று கேட்டுக்கொண்டு, பட்டாபிராமன் கதை முழுவதையும் ராஜாராம் வாயால் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனார்.

சந்தோஷம் அடங்கியபிறகுதான் பரணிக்கு உறைத்தது. தாள் இங்கே, ஆள் கடலில். சின்னப்பொண்ணின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. கப்பலிலேயே இருக்கிற ஆபீஸின் மின்னஞ்சலுக்கு அனுப்பினான். கம்பெனியின் சென்னை ஆபீஸுக்கு அனுப்பினான். பதில் இல்லை. மறுநாள் ஏழு முறை போன் செய்தான். ஏழு முறையும் ஒருத்தி, கப்பலுக்கு அனுப்பிவிட்டோம் என்றாள். யாராவது அச்செடுத்து அந்தம்மா கையில் கொடுத்தார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு முறை கேட்கிறானே என்று ஸ்ரீதேவி எதிர் மேசையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் கப்பல் திருகோணமலையில். ஒன்பது மணிக்கே ராஜாராம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸுக்கு வந்துவிட்டார். மூன்று நாற்காலியை ஒரே மேசையைச் சுற்றிப் போட்டார்கள். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ராஜாராமின் போனுக்குச் சரோஜாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. தலை நரைத்த, பெரிய மூக்குத்தி போட்ட ஒரு முகம்.

“அண்ணை, நான் கேற்றடியிலதான் நிக்கிறன். கப்பல் வந்திட்டுது. ஒருத்தரும் வெளிய வரேல்ல.”

“போன அந்தாண்ட திருப்பு தாயீ,” என்றார் ராஜாராம்.

திருப்பினாள். துறைமுகத்தின் இரும்புக் கதவு, ஒரு காவலர், வெயில். பிறகு பச்சை. ஒன்று, இரண்டு, ஐந்து.

“அய்யோ, எல்லாம் ஒரே சீலையாக் கட்டிக்கொண்டு வருதுகள். நான் எங்க கண்டுபிடிக்கிறது?”

ஸ்ரீதேவி திரையில் விரல் வைத்து எண்ணினாள். பதினெட்டு. இருபது. இருபத்தொன்று. கதவில் காவலர் மறுபடியும் தனியாக நின்றார்.

ராஜாராம் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பரணி எழுந்து நின்றுவிட்டான். அந்தப் பக்கம் சரோஜா, “இவ்வளவுதானோ? இவ்வளவுதானோ?” என்று யாரையோ கேட்டாள்.

பிறகு கதவோரம் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது. வேகமாக வந்தது. ஒரு கையில் ஒரு தாள், அச்சடித்த தாள், அதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. காவலர் கேட்கவே இல்லை. அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டு வந்தது.

“அது அவதான்,” என்றார் ராஜாராம். “நட பாரு. அது அவதான்.”

சரோஜாவும் ஓடியிருக்க வேண்டும். படம் குலுங்கியது. வானம் தெரிந்தது, மரம் தெரிந்தது, தரை தெரிந்தது. அப்புறம் திரை முழுக்கப் பச்சைத் துணி. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“எடி, என்னடி இப்பிடி இளைச்சுப் போனாய்?”

“நீ மட்டும் இன்னா, தல பூரா நரச்சிகினு. மூஞ்சியக் காட்டு. காட்டுடி.”

“சாப்பிட்டியோ?”

“நாலு இட்லி. கப்பல்ல.”

“கப்பல் இட்லி ஒரு சாப்பாடோ? வா, வீட்ட வா. மூண்டு மணிக்கு முன்னம் கொண்டந்து விடுறன்.”

“பேரப் பசங்க வந்துக்கீதா?”

“எல்லாரும் வந்து நிக்கினம். எடி, அழாத. நீ அழுதால் நானும் அழுவன்.”

“நா எங்க அழுவுறேன்? நீதான் அழுவுற.”

நடக்கிற சத்தம் கேட்டது. போன் ஏதோ பைக்குள் போயிருந்தது, திரை இருட்டாயிற்று. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“நம்மள மறந்தே போயிட்டாங்க தம்பி,” என்றார் ராஜாராம். முகம் முழுக்கச் சிரிப்பு. “என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கல பாரு. கட் பண்ணிடலாமா?”

“இருக்கட்டுங்க,” என்றான் பரணி.

நாற்காலியை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டான். ஸ்ரீதேவி கீழே குரல் கொடுத்து மூன்று டீ சொன்னாள். பைக்குள்ளிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.